மூன்று சுழி

புக்கிட் ரோத்தானில் கார் பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.
கீழேயிருந்து அமில வாடை,
காற்று திரும்பினால் செம்பனை ஆலையின் புளித்த மூச்சு.
நடுவில் நான்
கடலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்
முப்பது மில்லி குப்பிகளில்,
அயோடின் விட்டு, தேத்தண்ணி நிறத்தில்.

ஜெரம் கரைக்கு அப்பால் வலை இழுத்தது புதன்கிழமை.
இருபது மைக்ரான் கண் உள்ள வலை.
இதில் விழுவதை வைத்து ஒரு சட்டி குழம்பு
என்றைக்கு வைப்பாய் என்றான் ரொஸ்லான்
இன்ஜினை அணைத்துவிட்டு.

கண்ணாடியில் ஒரு சொட்டு.
உருண்டை உருண்டையாய்,
இடுப்பில் அரைஞாண் இறுகின பள்ளம்,
மேலெல்லாம் தகடு.
சில ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு
சரக்கு ரயில் போலப் போகின்றன.

இதில் ஒரு சாதி நஞ்சு.
கெராங் அதைத் தின்னும், கெராங்குக்கு ஒன்றும் ஆகாது.
கெராங்கைத் தின்றவருக்கு முதலில் உதடு மரக்கும்.
இன்னொன்று
அதே தகடு, அதே அரைஞாண்,
சாது.

புத்தகம் சொல்லும் வித்தியாசம் ஒரு துளை.
முதல் தகட்டின் ஓரத்தில்
இருக்கிறதா, இல்லையா.

முதலாம் ஆண்டில் என் பெயரே எனக்கு வராது.
பூரனி, பூரனி என்று பக்கம் முழுக்க.
மணம் ஒரு சுழி இளைத்து மனமாகிவிடும்,
வானம் ஒரு சுழி பெருத்து
எங்கும் இல்லாத ஏதோ ஆகிவிடும்.
அன்று பிடித்த பழக்கம்:
எதைப் பார்த்தாலும் சுழியை எண்ணுவது.

இரவு பதினொன்றரை.
சாயம் ஏற்றி, ஊதா விளக்கில் பார்த்தேன்.
தகடுகளின் தையல் நீலமாய் எரிந்தது.
ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.
துளை.
எழுதி அனுப்பிவிட்டேன்.

கெராங் படுகைகளை மூடினார்கள்.
தவமலரின் கடையில் சம்பல் சட்டி கவிழ்ந்து கிடந்தது.
நான் கடல்பக்கம் போனவளே இல்லையே,
எனக்கு எதுக்கு இந்த அபராதம் என்றாள்.
ரொஸ்லான் இன்ஜின் தவணையைப் பற்றிப் பேசவில்லை,
தினமும் ஒருமுறை
பேட்டரிக் கடை வாசலில் வந்து நின்றான், அவ்வளவுதான்.

நான் தீயில் கண்ணாடிக் குழாயை இழுத்து
மயிரளவு ஆக்கி
ஒவ்வொரு உருண்டையாய் உறிஞ்சினேன்.
நான்கு கிடைத்தன.
உடைத்து, உள்ளே இருந்ததைப் பெருக்கி
பூச்சோங்குக்கு அனுப்பினேன்.
ஒன்பதாம் நாள் வந்தது பதில்,
தலைப்பில் என் பெயர், ரூமியில்,
சுழியே இல்லாமல்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்து படித்தவளுக்கு
இங்கே நாலே எழுத்து.
மெய் இல்லை, குறில் நெடில் இல்லை, இடைவெளிகூட இல்லை.
அறுநூற்று எண்பத்து நான்கு இடம்
ஒரே மூச்சில் போகிறது.
நஞ்சின் வரிக்குக் கீழே வைத்தேன்.
முப்பத்தொரு இடத்தில் பிசகியது.
சாதுவின் வரிக்குக் கீழே வைத்தேன்.
ஒன்று மேல் ஒன்று
ஒட்டிக்கொண்டது.

துளை பொய்யில்லை.
மறுபடி பார்த்தேன், இருக்கிறது.
சாதுக்களிலும் துளை உள்ளது உண்டு,
அதைப் புத்தகம் எழுதியவர்
ஜெரம் பக்கம் வந்திருக்கமாட்டார்.

ஆனால் நான் எடுத்தது நாலு.
ஒரு லிட்டரில் ஒன்பதாயிரம் இருந்தன.
மிச்சத்தை யார் படித்தார்கள்?
கெராங் சதையையும் அரைத்துப் பார்த்தார்கள்,
நஞ்சு இல்லை என்று தாள் வந்தது,
பதின்மூன்றாம் நாள் படுகையைத் திறந்தார்கள்.

அன்று சாயங்காலம் தவமலர்
சட்டியை நிமிர்த்தி, முதல் தட்டை
என் முன்னால்தான் வைத்தாள்.
மன்னிப்பா சோதனையா தெரியவில்லை.
காசு வாங்கிக்கொண்டாள்.
ரொஸ்லான் எதிர் மேசையில்
சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓட்டைப் பிளந்து ஒன்று, இரண்டு,
பன்னிரண்டு வரை எண்ணித் தின்றேன்.
லோரி ஒன்று குலை ஏற்றிக்கொண்டு
ஆலைப்பக்கம் திரும்பியது.
யாரும் பார்க்காத நேரம்
நாக்கு நுனியால் உதட்டைத் தொட்டேன்.
சம்பல் எரிகிறதா,
மரக்கிறதா.